நவமணி டீச்சர் எங்களை நடக்க வைத்தாள்

நவமணியைப் பற்றி எங்கள் தாமான் குடியிருப்பில் இப்போது ஆளுக்கொரு பேச்சு. அண்ணன் காலை வாங்கியவள் என்கிறாள் ஒருத்தி. சாமியோடு விளையாடினாள், வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்கிறாள் இன்னொருத்தி. என் தையல் கடைக்கு ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்து நின்றுகொண்டே இதையெல்லாம் சொல்வார்கள். எனக்கு வரும் ஆத்திரத்தில் குண்டூசியால் ஒரு குத்து குத்தலாம் போல இருக்கும். ஒன்றிரண்டு பேரைத் தெரியாமல் பட்டதுபோலக் குத்தியும் இருக்கிறேன். நானும் நவமணியும் ஒரே தோட்டத்து லய வீட்டு வரிசையில் பிறந்தவர்கள். நடந்ததை நடந்தபடி சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

பத்து காஜா ஊரிலிருந்து உள்ளே போகும் சாலையில்தான் எங்கள் தோட்டம் இருந்தது. ரப்பர் பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். பிறகு செம்பனையிலும் பாதியை வெட்டி வீடு கட்டி விற்றார்கள். லயத்தை இடித்தபோது எங்களுக்குத் தாமானின் கடைசி வரிசையில் சின்னச் சின்ன வீடுகள் கிடைத்தன. மாரியம்மன் கோயில் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நவமணிக்கு அப்பா முகம் ஞாபகமில்லை. தோட்டத்து லாரி கவிழ்ந்து அவர் போனார். அம்மாவும் அடுத்த வருடமே போய்விட்டாள். மீசை அரும்பாத வயதில் அண்ணன் அப்பாவு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவின் பால் வெட்டும் கத்தியைக் கையில் எடுத்தார். இருட்டோடு எழுந்து மரத்துக்குப் போவார், பொழுது விடிந்ததும் ஓடி வந்து தங்கைக்குத் தலை பின்னி பஸ் ஏற்றிவிட்டு மறுபடியும் மரத்துக்கு ஓடுவார். அவர் பின்னிய பின்னல் கோணலாக இருக்கும். நாங்கள் சிரிப்போம், நவமணி அடிக்க வருவாள். அவள் படித்துப் பாலர் பள்ளி ஆசிரியை ஆனாள். கல்யாணம் அமையவில்லை. அப்பாவு அண்ணனுக்கு அமைந்தது, ஆனால் அந்த மகராசி பிள்ளை பெறாமலே செத்துப்போனாள். அப்புறம் அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஐம்பது வயதிலும் அவர் அவளை ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார். அதைக் கேட்டுப் பாலர் பள்ளிப் பிள்ளைகளும் ‘பாப்பா டீச்சர்’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் ஆட்களின் உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரம் மரமாக நடந்த உடம்பு அது. இப்போது ஆண்கள் ஃபேக்டரி வாசலில் ஜாகா என்கிற காவல் வேலை பார்க்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்கள் ஃபேக்டரி பஸ்ஸில் உட்கார்ந்து போய், அங்கே உட்கார்ந்து வேலை பார்த்து, உட்கார்ந்தே திரும்பி வருகிறார்கள். சோறு மட்டும் பழைய அளவு. வீட்டுக்கு வீடு இனிப்புநீர், சர்க்கரை வியாதி. ரத்தம் சுத்தம் செய்யும் இடத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் எங்கள் தெருவில் பள்ளிக்கூட பஸ் மாதிரி வந்து நிற்கும். அப்பாவு அண்ணனுக்கும் இனிப்புநீர் இருந்தது. நவமணிக்கு ஒரே பயம் அதுதான். “அண்ணன் அந்த வேன்ல ஏறக்கூடாது விமலா, அது மட்டும் நடக்கக்கூடாது” என்பாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஈப்போவில் ஒரு தொண்டு அமைப்பு பயிற்சி வைத்தது. ஊரில் நாலு பேர் பேச்சைக் கேட்கிற இடத்தில் இருப்பவர்களைக் கூப்பிட்டு, அவரவர் ஊர் ஜனங்களை உடம்பு அசைய வைப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்கிற குருசுஸ். கிளினிக் தாதிகள், பாலர் பள்ளி ஆசிரியைகள், கோயில் செயலாளர்கள் எல்லாரும் போனார்கள். நடத்தியவர் தனேஸ்வரன் என்று ஒரு இளைஞர், விளையாட்டு அறிவியல் படித்தவர். ஜனங்களுக்கு உபதேசம் பண்ணாதீர்கள், அவர்கள் ஏற்கனவே செய்கிற காரியத்தோடு நடையைச் சேர்த்துவிடுங்கள் என்று அவர் சொன்னாராம். நவமணி பச்சை டீ-சட்டை போட்டுக்கொண்டு முகமெல்லாம் பல்லாக வந்தாள்.

“என்னாடி இது, வெட்டுக்கிளி மாதிரி இருக்கே?” என்றேன்.

“சிரி, சிரி. நாளைக்கு நீதான் முன்னால நிக்கணும்.”

நான் நின்றேன். வேறு யார் நின்றது? திடலில் ஒலிபெருக்கி வைத்து செனாம்ரோபிக் உடற்பயிற்சி ஆட்டம் நடத்தினாள். நானும் அவளும் ரெண்டு நாயும். டவுசர் மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு நடுத்திடலில் கையைக் காலை ஆட்ட எந்தப் பொம்பளை வருவாள்? ஆண்கள் ஒட்டுக்கடையில் தே தாரேக் டீயை உறிஞ்சிக்கொண்டு, “பால்மரத்துல நடந்த நடையே ஏழு ஜென்மத்துக்குப் போதும்லா டீச்சர்” என்று கத்தினார்கள். அவள் மானம் போனதே என்று வீட்டில் போய் அழுதாள். அப்பாவு அண்ணன்தான் அவளுக்கு வழி சொன்னார். “கோயிலச் சுத்தச் சொல்லேன் பாப்பா. அதுக்கு வராதவன் எவன்?”

அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தனேஸ்வரன் சொன்னதும் இதுதானே.

கோயில் தலைவர் கனகராஜிடம் நானும் கூடப் போனேன். பாட்டு கூடாது, டீ-சட்டை கூடாது, அம்மனை நினைத்துச் சுற்றினால் சுற்றலாம் என்றார். நவமணி தயங்கித் தயங்கிக் கேட்டாள். “சப்பாத்து போட்டுக்கலாமா தலைவரே? இனிப்புநீர்க்காரங்க வெறுங்காலோட நடக்கக் கூடாதுன்னு குருசுஸ்ல சொன்னாங்க.”

“பிரகாரத்துல சப்பாத்தா? உன் வாயில அது எப்படி வருது டீச்சர்?”

“காலுறையாவது…”

“அம்மா, கோயில்னா கோயிலா இருக்கட்டும்.”

அன்றைக்கே அவள் தனேஸ்வரனுக்கும் போன் போட்டுக் கேட்டாள். அவர், “முதல்ல ஆளுங்க வரட்டும்கா, சப்பாத்து விஷயத்த அப்புறம் மெதுவா பாத்துக்கலாம்” என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை.

ஆட்கள் வந்தார்கள். ஐயோ, என்ன கூட்டம்! திடலுக்கு வராத பொம்பளைகள் எல்லாம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கோயிலைச் சுற்றினார்கள். ஒட்டுக்கடையில் கத்தினவர்களும் வந்தார்கள். மகளுக்கு வரன் அமைய, மகனுக்கு வேலை கிடைக்க என்று ஆளுக்கொரு வேண்டுதல். கிளினிக்கில் ரத்தம் சோதித்துவிட்டு வந்து, “டீச்சர், எனக்கு இனிப்பு எறங்கிருச்சி” என்று அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். என் சொந்தக் கண்ணால் பார்த்தது இது, யாரும் இல்லையென்று சொல்ல வேண்டாம்.

கும்பாபிஷேகத்துக்குப் புதிதாகப் போட்ட கறுப்புக் கல் பிரகாரம் எங்களுடையது. பகலெல்லாம் வெயில் குடித்துவிட்டுச் சாயங்காலத்திலும் தோசைக்கல்லாகத்தான் இருக்கும். நாங்கள் மதிலோரம் நிழல் விழுகிற இடமாகப் பார்த்துக் குதித்துக் குதித்து நடப்போம். அப்பாவு அண்ணன் மட்டும் நிழலைத் தேட மாட்டார். கை கூப்பிக்கொண்டு, நட்ட நடு வெயிலில், கல்யாண ஊர்வலத்தில் வருகிறவர் மாதிரி நிதானமாக நடப்பார். எங்களுக்கெல்லாம் பிரமிப்பு. “அம்மா அவரத் தாங்குறா” என்று பொம்பளைகள் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன். அவருக்குச் சூடே தெரியவில்லை, இனிப்புநீர் பாதத்தின் உணர்ச்சியைத் தின்றுவிட்டது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்றால், அவர் தீ மிதித்த மனிதர். வருடம் தவறாமல் பூக்குழி இறங்கியவர், ஒரு கொப்புளம் வந்ததில்லை. யாருக்காவது கால் வெந்தால், “விரதத்துல எங்கயோ ஓட்டை” என்று அவரே கிண்டல் பண்ணுவார். எங்கள் ஊரில் அப்படித்தான். கால் வெந்தால் அது வெந்த புண் இல்லை, சாமிக்கு முன்னால் செய்த குற்றம்.

கோயில் நடை பெயர் வாங்கிவிட்டது. ஈப்போவிலிருந்து பார்க்க வருகிறோம், படம் எடுக்கிறோம் என்றார்கள். காலையில் வருவதாகச் சொன்னவர்கள் வேறொரு நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு உச்சி வெயிலில் வந்து இறங்கினார்கள். வேனிலிருந்து இறங்கிய அத்தனை பேரும் படித்தவர்கள். அதில் தாதிகளும் இருந்தார்கள். கோயில் வாசலில் சப்பாத்தைப் பயபக்தியோடு கழற்றி வரிசையாக வைத்தார்கள். உள்ளே வந்து ஒரு அடி வைத்ததும் ‘அலாமாக்!’ என்று மண்டபத்து நிழலுக்கு ஓடினார்கள். தங்கள் காலைச் சுட்ட கல் மற்றவர் காலையும் சுடுமே என்று அந்த ஒரு கூட்டத்தில் ஒரு ஆளுக்காவது புத்தி போயிருக்க வேண்டாமா? நிழலில் நின்றுகொண்டு, எவ்வளவு நம்ம பண்பாட்டோடு ஒட்டிய திட்டம் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் ரெண்டு சுற்றில் ஒதுங்கிவிட்டோம். படம் எடுப்பவர், “ஐயா மட்டும் இன்னொரு தடவை” என்றார். பிறகு, வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தடவை என்றார். அப்பாவு அண்ணன் நடந்தார். தங்கையின் திட்டத்தைப் பார்க்க ஈப்போவிலிருந்து வந்திருக்கிறார்களே, அவர் நடக்காமல் இருப்பாரா? நவமணி நிழலில் நின்று பெருமையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர் காலில் மஞ்சள் பூசிக்கொண்டு வர ஆரம்பித்தார். “என்னண்ணே, வேண்டுதலா?” என்று கேட்டால், “ஆமாம்மா” என்பார். வேண்டுதல் என்று சொன்னவரிடம் மேற்கொண்டு கேட்பது மரியாதை இல்லை. லேசாக விந்தி நடக்கிறாரே என்று நவமணி கேட்டதற்கு, “ஒன்னும் இல்ல பாப்பா” என்றார். அவருக்கு இரவு வேலை, பூட்ஸோடு போய் பூட்ஸோடு வருவார். அவள் எழுந்து பள்ளிக்குப் போகிற நேரத்தில் அவர் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். உடம்பு இளைத்தது. நடந்து நடந்து இளைத்துவிட்டார் என்று நாங்கள் பாராட்டினோம்.

நவமணியை ஈப்போவில் மேடையேற்றிய நாளில் அவர் என் கடைக்கு வந்தார். கோயில் நடையைப் பற்றி அடுத்த பயிற்சிக்காரர்களுக்கு அவள் பேசப் போயிருந்தாள். சிறந்த சேவைக்கு ஷீல்டு வேறு. அண்ணன் ஜாகா வேலைச் சிலுவார் கால்சட்டையை என் மேசைமேல் வைத்தார்.

“இடுப்பு லூஸாப் போச்சி விமலா, கொஞ்சம் புடிச்சி விடு.”

ஏதோ வீச்சம் அடித்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து மெஷினுக்கு அடியில் குனிந்து தேடினேன். அப்போதுதான் அவர் கால் என் முகத்துக்கு நேராக இருந்தது. பூட்ஸை வாசலில் கழற்றியிருந்தார். மஞ்சள் கறை பிடித்த காலுறை, அடியில் ஈரமாக, கறுப்பாக.

“கால நீட்டுங்க.”

“ஒன்னும் இல்லம்மா.”

“நீட்டுங்கன்னா நீட்டுங்க!”

காலுறையை நானே பிடித்து இழுத்தேன். தோலும் கூட வந்தது. உள்ளங்காலின் நடுவில் ஒரு குழி, அதற்குள் மஞ்சளும் எண்ணெயும் அப்பிக் கிடந்தது. ரெண்டு விரல் கறுத்துப்போயிருந்தது. நான் கத்தினேன். அவர் என்னைவிடத் திகைத்துப்போய்த் தன் காலைப் பார்த்தார்.

“வலிக்கலியே விமலா. வலிச்சிருந்தா சொல்லியிருப்பேன்ல?”

“எப்பண்ணே வந்துச்சி இது?”

“படம் எடுத்த அன்னிக்கு. கொப்புளம்தான்.”

“அன்னிக்கே வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா?”

“எப்படிச் சொல்றது? தீ மிதிச்ச காலு இது. வெறுங்கல்லுல வெந்துருச்சின்னா ஊரு என்னா சொல்லும்? பாப்பா நடத்துற நடையில சாமி குத்தம்னு சொல்லிருவாங்க. கூட்டம் கலைஞ்சிரும். அவ எவ்ளோ பாடுபட்டா தெரியுமா?” என்றவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவ பேசி முடிச்சிட்டு வரட்டும்மா. அது வரைக்கும் சொல்லாத.”

நான் கேட்கவில்லை. உடனே அவளுக்குப் போன் அடித்தேன். மேடையில் இருந்ததால் போனை அணைத்து வைத்திருந்தாள். என் மகன் ரூபனைக் கூப்பிட்டு, அவனுடைய காடியின் பின் சீட்டில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு பார்வை பார்த்துவிட்டு ஈப்போவுக்கு அனுப்பினார்கள். நவமணி பச்சை டீ-சட்டையோடு, கையில் ஷீல்டுப் பெட்டியோடு ஓடி வந்தாள். இளம் டாக்டர் அவளைப் பார்த்து, இவரை வெறுங்காலோடு நடக்கச் சொன்னது யார் என்று மலாயில் கேட்டார். அதட்டக்கூட இல்லை, எழுதிக்கொள்வதற்காகக் கேட்டார்.

“சாயா” என்றாள் நவமணி. நான்தான் என்று அந்த ஒரு வார்த்தைதான் சொன்னாள். தலைவர் விடவில்லை, தனேஸ்வரன் அப்புறம் பார்க்கலாம் என்றார், எதையும் சொல்லவில்லை.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து அவர் கேட்ட முதல் கேள்வி, “ஷீல்டு குடுத்தாங்களா பாப்பா?” என்பதுதான். அவள் பெட்டியைத் திறந்து காட்டினாள். பிறகு கழிவறைக்குள் போய் என்னைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

அப்பாவு அண்ணன் பயந்ததுதான் நடந்தது. கோயிலை ஜிம்மாக மாற்றினால் அம்மன் சும்மா இருப்பாளா என்று கனகராஜ் கூட்டத்தில் பேசினார். நான் எழுந்து, “அந்தக் கல்ல எறக்குனது நீங்களா அம்மனா?” என்று கேட்டேன். என்னை உட்காரச் சொன்னார்கள். நடை கலைந்தது. இனிப்பு இறங்கிவிட்டது என்று அவள் கையைப் பிடித்தவர்கள் அவள் வந்தால் எதிர்வரிசைக்குப் போனார்கள். பிள்ளைகளைப் பாலர் பள்ளியிலிருந்து நிறுத்தினவர்களும் உண்டு. ரத்தம் சுத்தம் செய்யப் போகும் வேனில் இடம் போதாமல் இப்போது இன்னொரு வேன் வருகிறது.

தனேஸ்வரன் வீட்டுக்கு வந்து அண்ணனுக்கு முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் நடந்த அந்தப் படத்தை இனிப் பயிற்சிகளில் காட்ட வேண்டாம் என்று சொல்கிறேன் என்றார். நல்ல பையன்தான். ஆனால் அவர் ஒருவரா அமைப்பு? போன மாதம் பீடோரிலிருந்து கல்யாண ரவிக்கை தைக்க வந்த பொம்பளை என்னிடமே சொன்னாள். “உங்க கோயிலு அண்ணன் படத்த பாத்தேன்கா. எங்க ஊருலயும் குருசுஸ் வைக்கிறாங்க. எங்க கோயில்லயும் ஆரம்பிக்கப் போறோம்லா. அவரு கையக் கூப்பிக்கிட்டு வெயில்ல நடக்கறதப் பாத்தா உடம்பெல்லாம் சிலிர்க்குது.”

நான் ஊசியை வைத்துவிட்டு நவமணி வீட்டுக்கு ஓடினேன். அவள் கேட்டுவிட்டுத் தனேஸ்வரனுக்குப் போன் போட்டாள். “தம்பி, பீடோருக்கு நான் வாரேன். படத்தப் போடுறதுக்கு முன்னாடி நான் பேசணும். அண்ணனையும் கூட்டிட்டு வாரேன்.” அவரும் சரி என்றார். அப்பாவு அண்ணன் வேட்டியைத் துவைத்து இஸ்திரி போடச் சொன்னார். எல்லாரும் காலைப் பார்க்கட்டும் என்றார்.

பீடோர் கூட்டத்தன்று காலை ரூபன் காடியை வாசலில் நிறுத்தினான். நவமணி தரையில் உட்கார்ந்து அண்ணனின் இடது காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து தினமும் இதைத்தான் செய்கிறாள். விரல் இடுக்கு, உள்ளங்கால், கணுக்கால் என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் சப்பாத்து மாட்டுவாள். குதிகாலைத் திருப்பியவள் விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். வாசலில் நின்ற எனக்கும் தெரிந்தது. சின்னக் கொப்புளம்தான், உடைந்து ஈரமாக இருந்தது. இரவில் அவளை எழுப்பக் கூடாது என்று சக்கர நாற்காலியைக் குதிகாலால் சிமெண்டுத் தரையில் உந்தி உந்திக் கழிவறைக்குப் போயிருக்கிறார் மனிதர்.

“என்னா பாப்பா?”

“ஒன்னும் இல்லண்ணே.”

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அந்தப் பதிலை எங்களுக்கெல்லாம் சொன்னவர் அவர்தானே.

“ரூபன், பீடோர் வேணாம்டா” என்றாள். “ஆஸ்பத்திரிக்கு விடு.”

“கூட்டம்?” என்றார் அண்ணன். “படத்தக் காட்டிருவாங்களே. நீயாவது போய்ச் சொல்லிட்டு வா பாப்பா. நான் விமலாகூட போய்க்கிறேன்.”

அவள் குதிகாலில் சுத்தமான துணியைச் சுற்றினாள். நான் தனேஸ்வரனுக்குப் போன் அடித்தேன், மறுபடியும் அடித்தேன். மண்டபத்துக்குள் போய்ப் போனை அணைத்துவிட்டார் போலிருக்கிறது. பீடோரில் அந்நேரம் எல்லாரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ரூபன் அண்ணனைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினான். நவமணி உள்ளே ஏறி அந்தக் காலை மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டாள்.

“எனக்கு வலிக்கவே இல்ல பாப்பா” என்றார் அவர்.

“தெரியும்ணே” என்றாள்.